இலை விட்ட வாயு காற்றில் என்ன ஆகிறது?

துளசிச் செடி நாள்தோறும் சில மணி நேரம் ஓசோன் வாயுவை வெளியிடுகிறது என்று வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் செய்தி உண்மையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். உண்மையில்லை. எந்தச் செடியும் ஓசோனை வெளியிடுவதில்லை. இலைத்துளைகளின் வழியே உள்ளே நுழையும் ஓசோன் செடிக்குக் கேடுதான் செய்யும். தரையை ஒட்டிய காற்றில் இருக்கும் ஓசோன் நம் நுரையீரலுக்கும் ஆகாது என்பதால், அந்தச் செய்தி மெய்யாக இருந்தால் முற்றத்திலிருந்து துளசி மாடத்தை அகற்றத்தான் வேண்டியிருக்கும். ஆனால் இலைகள் வெளியிடும் வேறு சில கரிம வாயுக்கள், காற்றில் இருக்கும் ஹைட்ராக்சில் என்னும் தனி உறுப்போடு (இணை சேராத எலக்ட்ரானால் எதனுடனும் எளிதில் வினைபுரியும் துகள்) வினைபுரிந்து, இடத்தைப் பொறுத்து ஓசோன் உருவாகக் காரணமாகலாம்.

ஓர் ஆக்சிஜன் அணு, ஒரு ஹைட்ரஜன் அணு, இணை சேராத ஓர் எலக்ட்ரான்: இவ்வளவுதான் ஹைட்ராக்சில். சூரியனின் புற ஊதாக் கதிர் ஓசோனை உடைக்கும்போது பிறக்கும் கிளர்வுற்ற ஆக்சிஜன் அணு, நீராவி மூலக்கூறு ஒன்றைத் தாக்கினால் இரண்டு ஹைட்ராக்சில்கள் தோன்றுகின்றன. நாம் வாழும் கீழ்வளிமண்டலத்திலும் இது நடக்கிறது என்பதையும், காற்றில் கலக்கும் பெரும்பாலான வாயுக்களின் முடிவை இதுவே தீர்மானிக்கிறது என்பதையும் 1971-இல் ஹைரம் லெவி எடுத்துக்காட்டினார். ஒரு கன சென்டிமீட்டர் காற்றில் சுமார் இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்க, அவற்றில் ஹைட்ராக்சில் சராசரியாகப் பத்து லட்சம் அளவே. அதுவும் பிறந்த ஒரு நொடிக்குள் எதனுடனாவது வினைபுரிந்துவிடுகிறது.

மரங்கள் வெளியிடும் கரிமச் சேர்மங்களில் அளவில் முதலிடம் ஐசோபிரீனுக்கு. ஐந்து கார்பன் அணுக்களும் இரண்டு இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட இந்தச் சிறு மூலக்கூறை ஓக், பாப்லர், தைல மரம் போன்றவை வெயில் ஏற ஏற அதிகமாக வெளிவிடுகின்றன. உலகம் முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 கோடி டன் ஐசோபிரீன் காற்றில் கலக்கிறது. மீத்தேனின் எல்லா மூலங்களையும் சேர்த்தால் வரும் அளவுக்கு இது ஏறக்குறைய ஈடு. ஆனால் மீத்தேன் பத்தாண்டுக் கணக்கில் காற்றில் தங்க, ஐசோபிரீன் பகலில் ஓரிரு மணி நேரத்தில் தீர்ந்துபோகிறது. ஹைட்ராக்சில் மீத்தேனிடமிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்கியாக வேண்டும். ஐசோபிரீனின் இரட்டைப் பிணைப்பிலோ நேராக ஒட்டிக்கொள்கிறது. உடனே காற்றின் ஆக்சிஜன் மூலக்கூறு ஒன்றும் அதில் வந்து சேர்கிறது. இவ்வாறு உருவாவது பெராக்சி தனி உறுப்பு.

இனி நடப்பது இடத்தைப் பொறுத்தது. வாகனப் புகை நிறைந்த நகரமானால், பெராக்சி தன் ஆக்சிஜன் அணு ஒன்றை நைட்ரிக் ஆக்சைடுக்குக் கொடுக்கிறது. அதனால் உண்டாகும் நைட்ரஜன் டைஆக்சைடை வெயில் உடைக்க, விடுபட்ட ஆக்சிஜன் அணுவிலிருந்து ஓசோன் பிறக்கிறது. அமெரிக்காவின் அட்லாண்டா நகரத்து ஓசோனில் மரங்களின் ஐசோபிரீனுக்குப் பெரும் பங்கு உண்டு என்று 1988-இல் வில்லியம் சமெய்ட்ஸும் அவருடைய குழுவினரும் காட்டியபோது, மரங்கள்தாம் மாசுக்குக் காரணம் என்று சொல்ல விரும்பியவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. மரம் ஐசோபிரீனை மட்டுமே தருகிறது, நைட்ரிக் ஆக்சைடைத் தருவது எஞ்சின் என்பதை அவர்கள் சேர்த்துச் சொல்வதில்லை.

புகையில்லாத காட்டில் கதை வேறு. ஐசோபிரீன் இவ்வளவு இருந்தால் அது ஹைட்ராக்சிலைத் தின்று தீர்த்திருக்க வேண்டும் என்றுதான் கணினி மாதிரிகள் சொல்லின. 2005-ஆம் ஆண்டு அக்டோபரில் சூரினாம், கயானா, பிரெஞ்சு கயானா காடுகளின் மேல் விமானத்தில் பறந்து யோஸ் லெலீவெல்டின் குழு அளந்தபோது, மாதிரிகள் சொன்னதைவிடப் பன்மடங்கு ஹைட்ராக்சில் அங்கே இருந்தது. தின்னப்பட்டது எங்கிருந்தோ திரும்பி வந்துகொண்டிருந்தது.

பெல்ஜியத்தின் லூவன் நகரில் யோசப் பீட்டர்ஸும் அவருடைய குழுவினரும் 2009-இல் முன்வைத்த விடை, வளிமண்டல வேதியியலில் எனக்கு மிகவும் பிடித்தமான வினை. நைட்ரிக் ஆக்சைடு அரிதாக இருக்கும் காற்றில் பெராக்சிக்கு வினைபுரியத் துணை எளிதில் கிடைப்பதில்லை. பல நொடிகள், சில வேளை நிமிடக் கணக்கில், அது தனித்துத் திரிகிறது. ஐசோபிரீனில் ஒட்டிய ஆக்சிஜனின் பிடி தளர்வானது. அது கழன்று, மூலக்கூறின் வேறொரு முனையில் மீண்டும் ஒட்டிக்கொள்ள முடியும். இப்படி இடம் மாறிக்கொண்டே இருக்கையில், பெராக்சி முனையும் முதலில் ஹைட்ராக்சில் ஒட்டிய முனையும் நடுவிலுள்ள இரட்டைப் பிணைப்பின் ஒரே பக்கத்தில் அமையும் வடிவம் ஒன்று வாய்க்கிறது. அப்போது மூலக்கூறு வளைந்து, தன்னுடைய ஒரு முனையைக் கொண்டே மறுமுனையின் ஹைட்ரஜனைக் கவர்ந்துகொள்கிறது; அந்தக் கணத்தில் ஏழு அணுக்கள் ஒரு வளையமாக நிற்கின்றன. ஹைட்ரஜன் மிக இலேசானது என்பதால், ஆற்றல் தடையின் மேல் ஏறாமலே, குவாண்டம் விதிகளின்படி அதை ஊடுருவிச் செல்வதும் உண்டு. அது வினையை மேலும் விரைவாக்குகிறது. இரு முனைகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமைந்துவிட்டால் எட்டாது, வினையும் இல்லை.

வெளியார் உதவியின்றி நடக்கும் இந்த மாற்றத்துக்குப் பின் மிஞ்சுவது, பெராக்சைடும் ஆல்டிஹைடும் சேர்ந்த ஒரு சேர்மம். அதிலுள்ள ஆக்சிஜன்-ஆக்சிஜன் பிணைப்பு வலுவற்றது. வெயில் பட்டதும் முறிகிறது. ஹைட்ராக்சில் வெளியே வருகிறது. திறந்து வைத்த எண்ணெயில் காறல் வாடை ஏறுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்த தன்-ஆக்சிஜனேற்றத்தால்தான், அதாவது காற்றின் ஆக்சிஜனோடு தானாகவே தொடர்ந்து நடக்கும் வினையால்தான். திரவங்களில் நெடுங்காலமாக அறியப்பட்டிருந்த ஒன்று காற்றிலும் இவ்வளவு முக்கியமாக இருக்கும் என்று பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

பீட்டர்ஸ் கணக்கிட்ட வேகம் அதிகம் என்று அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் சோதனைவழிக் கண்டனர்; வினை நடக்கிறது, ஆனால் மெதுவாக. அப்படியானால் காட்டின் மேல் அளந்த அவ்வளவு ஹைட்ராக்சிலும் எங்கிருந்து வந்தது? அதில் ஒரு பகுதி, லேசர் கொண்டு அளக்கும் கருவிகளுக்குள்ளேயே உருவாகியிருக்கலாம் என்ற ஐயத்தைக் கலிபோர்னியக் காடொன்றில் செய்த அளவீடுகள் 2012-இல் உறுதிப்படுத்தின. கருவியைச் சந்தேகிக்கும் இத்தகைய வேலைக்கு நிதி வாங்குவது எளிதல்ல. புதிய செயற்கைக்கோளுக்குப் பணம் கேட்டால் அமைச்சர் படம் எடுத்துக்கொள்வார். இருக்கும் கருவி சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க ஈராண்டுச் சம்பளம் கேட்டால் கோப்பு நகராது. காலநிலைக் கணிப்புகளில் மீத்தேனின் ஆயுளே ஹைட்ராக்சிலின் அளவைச் சார்ந்திருக்கையில், இதைவிடப் பயனுள்ள செலவு எனக்குத் தெரியவில்லை.

இன்று பல குழுக்கள், காற்று கருவிக்குள் நுழையும் வாயிலிலேயே ஹைட்ராக்சிலை முற்றிலும் விழுங்கிவிடும் ஒரு வாயுவை விட்டுவிட்டுச் செலுத்துகின்றன. அது பாயும் நேரத்திலும் கருவி எதையாவது காட்டினால் அது கருவியே உண்டாக்கியது. கழித்தால் மிஞ்சுவதே காற்றின் ஹைட்ராக்சில். அப்படிக் கழித்த பிறகும், பீட்டர்ஸ் காட்டிய மீட்பு வினை, திருத்திய வேகத்தோடு, மாதிரிகளில் இடம்பெற்றிருக்கிறது.