ராக்கெட் தொட்டியை அப்படியே விமானத்தில் வைத்தால் என்ன?

ஆரம்பாக்கம், தடா, சூலூர்ப்பேட்டை பக்கத்து ஊர்க்காரர்களுக்கு ராக்கெட் புதிதில்லை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பினால் பழவேற்காடு ஏரிக்கு இந்தக் கரையில் நின்றே பார்க்கலாம். அதனால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளிடமிருந்தே இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "சார், ஜிஎஸ்எல்வியில திரவ ஹைட்ரஜன் போகுதே, அதையே விமானத்துல ஊத்தினா புகையே இருக்காதுல்ல?"

அருமையான கேள்வி. எரிக்க முடியுமா என்பதில் சந்தேகமே வேண்டாம். 1988 ஏப்ரல் 15 அன்றே சோவியத் நாட்டின் டு-155 விமானம் தன் மூன்று எஞ்சின்களில் ஒன்றைத் திரவ ஹைட்ரஜனில் ஓட்டிப் பறந்துவிட்டது. பாடு முழுக்கத் தொட்டியில்தான்.

ஒரு கிலோ ஹைட்ரஜன் எரிந்தால் 120 மெகாஜூல் ஆற்றல். விமான மண்ணெண்ணெய் தருவது 43 தான். எடைக் கணக்கில் ஹைட்ரஜன் கில்லாடி. ஆனால் ஒரு கன மீட்டர் மண்ணெண்ணெய் 800 கிலோ இருக்கும். திரவ ஹைட்ரஜனோ வெறும் 71 கிலோ. அதே ஆற்றலுக்கு நான்கு மடங்கு இடம் வேண்டும். இப்போது எரிபொருள் இறக்கைக்குள் இருக்கிறது. அந்தத் தட்டையான இடம் ஹைட்ரஜனுக்கு ஆகாது. பரப்பு கூடினால் வெப்பமும் கூட நுழையும் என்பதால் தொட்டி உருண்டையாகவோ உருளையாகவோதான் இருக்க வேண்டும். அப்புறம் அதை உடற்பகுதியில்தான் வைக்க முடியும், பயணிகளின் இடத்தை எடுத்துக்கொண்டு. டு-155இலும் பயணிகள் அறையின் பின்பகுதி தொட்டிக்குத்தான் போனது.

அடுத்தது குளிர். ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கிறது. ஒரு லிட்டர் திரவம் முழுக்க ஆவியாக 32 கிலோஜூல் போதும். கொதிக்கிற தண்ணீர் ஒரு லிட்டர் ஆவியாக இதைப்போல 70 மடங்கு வேண்டும். வெளியிலிருந்து துளி வெப்பம் நுழைந்தாலும் எரிபொருள் ஆவியாகிறது என்று அர்த்தம்.

தடுக்க இரண்டு வழி. ஒன்று, டீ ஃப்ளாஸ்க் மாதிரி இரட்டைச் சுவர் வைத்து நடுவில் வெற்றிடம். அந்த இடைவெளியில் அலுமினியம் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் தாள்களைப் பல அடுக்காகச் சுற்றுவார்கள். தாளும் தாளும் ஒட்டாமலிருக்க நடுவில் வலைத்துணி. எங்காவது ஒரு இடத்தில் அழுந்தி அடுக்குகள் நெருங்கிவிட்டால் அங்கே வெப்பம் கடந்துவிடும். காப்பு அருமையானது, ஆனால் கனம். உள்ளே வெற்றிடம் என்பதால் வெளிச்சுவரின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் காற்று சுமார் 10 டன் விசையோடு நெருக்குகிறது. அது நசுங்காமல் நிற்க வேண்டுமென்றால் சுவரைத் தடிப்பாக்கியே ஆக வேண்டும்.

இன்னொன்று, ஒற்றைச் சுவரின் மேல் நுரைப்பூச்சு. எடை குறைவு; ராக்கெட்டுக்கு நன்றாகவே ஒத்துவரும். விமானத்தில் அது படும் அவதி வேறு. மைனஸ் 253க்குக் குளிரும்போது அலுமினியத் தொட்டி மீட்டருக்கு 4 மில்லிமீட்டர் சுருங்கும். நிரப்பும்போதெல்லாம் சுருங்கி, காலியாகிச் சூடேறும்போதெல்லாம் விரிந்தால் நுரையில் விரிசல் விழும். விரிசல் வழியே காற்று உள்ளே போய்த் திரவமாகவே மாறிவிடும். நைட்ரஜன் மைனஸ் 196இலும் ஆக்சிஜன் மைனஸ் 183இலுமே திரவமாகிவிடுமே! தொட்டி சூடேறும்போது அந்தத் திரவம் சட்டென்று வாயுவாகி நுரையைப் பெயர்த்தெடுக்கும். ராக்கெட் தொட்டிக்கு ஒரே பயணம், சில மணி நேர வேலை. விமானத் தொட்டி ஆயிரக்கணக்கான முறை நிரம்பிக் காலியாக வேண்டும். இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றிலும் பெரியது என்பேன்.

எவ்வளவு காத்தாலும் கொஞ்சம் ஆவியாகத்தான் செய்யும். பறக்கும்போது அந்த ஆவியை எஞ்சினுக்கே அனுப்பிவிடலாம். அதோடு, ஆவியின் அழுத்தம் கொஞ்சம் இருந்தால்தான் பம்பு குமிழி இல்லாத திரவத்தை இழுக்கும். அழுத்தம் தவறினால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்திலேயே பார்த்தோம். 2021 ஆகஸ்ட் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய ஜிஎஸ்எல்வி-எஃப்10 ராக்கெட்டின் கிரையோஜெனிக் கட்டம், அதாவது திரவ ஹைட்ரஜனில் ஓடும் மேல்பகுதி, சரியாக வேலை செய்யவில்லை. ஆவியை வெளியேற்றும் வால்வின் மென்மையான சீல் சேதமானதால் திரவ ஹைட்ரஜன் தொட்டியில் அழுத்தம் குறைந்திருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. ஒரு சீல்தான், இஓஎஸ்-03 செயற்கைக்கோளே போய்விட்டது.

விமானத்தில் வால்வு ஒழுங்காக இருந்தாலும் அழுத்தம் விழலாம். மேகக் குலுக்கலில் குளிர்ந்த திரவம் மேலே தெறித்து, சற்றுச் சூடாக இருக்கும் ஆவியைத் திரவமாக்கிவிடும். நொடிகளில் அழுத்தம் சரியும். அதற்காகத் தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைக்கிறார்கள். அவையும் எடைதான்.

சரி, விமானம் இரவு முழுக்கத் தரையில் நின்றால்? ஏவுதளத்தில் ராக்கெட் தொட்டிக்குக் கடைசிக் கட்டம்வரை மேலும் மேலும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எஞ்சினை அணைத்து நிறுத்திய விமானத்தில் ஆவிக்குப் போக்கிடமே இல்லை. அழுத்தம் ஏற ஏற ஒரு கட்டத்தில் வால்வு திறந்தே ஆக வேண்டும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே அது தீப்பிடிக்கும். காற்றைவிட லேசானது என்பதால் கூரைக்கடியில் போய்த் தேங்கும். அதனால் வால்வுக் குழாயின் வாய் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், கொட்டகைக் கூரையில் காற்றுப் போக எங்கெங்கே திறப்பு விட வேண்டும் என்பதையும் தொட்டி வரையும்போதே முடிவு செய்தாக வேண்டும்.