ஆரல்வாய்மொழி தாண்டினால் மைலேஜ் வேறு

"மக்களே, லிட்டருக்குப் பதினெட்டு கிலோமீட்டர் தரும்னு சொல்லித்தான் வாங்குனேன். பன்னிரண்டு தாண்ட மாட்டேங்கு. எங்கயோ கோளாறு உண்டு, நல்லா பாரு."

தக்கலையிலிருந்து வந்திருந்தார், ஓய்வு பெற்ற வாத்தியார். வண்டி நான்கு மீட்டருக்குள் அடங்கும் காம்பாக்ட் எஸ்யூவி, 1.2 லிட்டர் டர்போ பெட்ரோல். எடுத்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. நாகர்கோவிலில் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் எனக்கு வாரத்துக்கு இரண்டு பேராவது இதே புகாரோடு வருவார்கள். பானட்டைத் திறக்காமல் கேட்டேன்: "ஓட்டுறது எங்க சார்?"

"மக திருவனந்தபுரத்துல இருக்கா. வாரம் ஒருக்கா போயிட்டு வருவோம்."

"அப்போ வண்டியில ஒண்ணும் இல்ல சார். ரோடுதான்."

அவர் நம்பவில்லை. வேலை செய்யச் சோம்பல்பட்டுத் திருப்பி அனுப்புகிறேன் என்று நினைத்திருப்பார். உட்காரவைத்து, டீ சொல்லி, ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன்.

நான்கு பேர் ஏறினால் இந்த வண்டி 1,600 கிலோவைத் தொடும். நின்ற இடத்திலிருந்து 50 கிலோமீட்டர் வேகத்துக்கு எடுக்க, அந்த எடையை நகர்த்தும் சக்திக்கு மட்டும் 15 மில்லி பெட்ரோலாவது எரியும். மூன்று டீஸ்பூன். அடுத்த நிமிடமே முன்னால் ஒரு டாரஸ் லாரி. பிரேக்கை மிதித்தால் அந்த மூன்று டீஸ்பூனும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றில் போய்விடும். தக்கலையிலிருந்து மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று ஒரு ஊர் முடியும் முன்பே அடுத்த ஊர் தொடங்கிவிடுகிற ரோடு அது. வழியில் அறுபது முறை நின்று எடுத்தால் ஒரு லிட்டர் அதற்கே காலி. இரண்டாவது, மூன்றாவது கியரில் ஊர்ந்ததும் ஏசி தின்றதும் தனி.

"அப்போ கம்பெனிக்காரன் சொன்ன பதினெட்டு பொய்யா?"

பொய் இல்லை. அந்த எண் ரோட்டில் எடுத்ததே கிடையாது. ஆய்வுக்கூடத்தில் உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, எம்.ஐ.டி.சி. என்கிற ஓட்ட முறைப்படி இருபது நிமிடத்துக்கும் குறைவாக ஓட்டுகிறார்கள். உச்ச வேகமே 90. சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டர் அளவில்தான் வரும். ஏசி போட மாட்டார்கள். எதிர்க்காற்று, ஏற்றம், ஸ்பீடு பிரேக்கர், கல்யாண ஊர்வலம் எதுவும் குறுக்கே வராது. இரண்டு மாடல்களை ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் நல்லதுதான். பெட்ரோல் பட்ஜெட் போட அதை எடுத்தால் கையைக் கடிக்கும்.

என்னிடமும் இதே ரக வண்டிதான். டாஷ்போர்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். திருவனந்தபுரம் போய் வந்தால் 11.8. மதுரைக்கு 80-90 வேகத்தில் போனால் 17.2. ஒரு ஜூலை மாதம் மதுரையிலிருந்து அவசரமாகத் திரும்பியபோது 13.6. மூன்றும் ஒரே வண்டி, ஒரே டிரைவர்.

அந்த 13.6-க்கு ஆக்சிலேட்டரை மிதித்த என் கால்தான் பாதிக் காரணம். நாலுவழிச் சாலை காலியாகக் கிடந்தது, 110-ஐ விட்டு இறங்கவில்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 80-ஐ 100 ஆக்கினால் வேகம் கூடுவது கால் பங்கு, எதிர்ப்பு கூடுவது பாதிக்கும் மேல். காரை விட எஸ்யூவி உயரம், முகமும் அகலம். காற்றை அது கிழிப்பதில்லை, தள்ளுகிறது. சின்ன டர்போ இன்ஜினை அழுத்தினால் இழுக்கும், ஆனால் இழுத்ததற்கு உடனே கூலி வாங்கிவிடும்.

மீதிப் பாதி நம் ஊர்க் காற்று. மதுரை ரோட்டில் ஆரல்வாய்மொழி பக்கம் வரும் முப்பந்தலில் காற்றாலைகளை யாரும் அழகுக்கு வைக்கவில்லை. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிழக்கே காற்று பிய்த்துக்கொண்டு போகும். நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு போகும்போது அது வண்டியின் முதுகைத் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அறையும். 80-ல் போகிறோம், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று என்றால் வண்டிக்கு அது 110-ல் போவது மாதிரிதான். எதிர்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஸ்பீடோமீட்டர் இதைக் காட்டாது. ஆடி மாதம் ஊர் திரும்பும்போது தோவாளை வரை 65, 70-ல் வாருங்கள். பெட்ரோல் மிச்சம் என்பதை விடுங்கள், உயரமான வண்டி காற்றில் ஆடுவதாவது குறையும்.

சரி, மைலேஜை எப்படிப் பார்ப்பது? பெரும்பாலானவர்கள் மீட்டரில் தெரியும் எண்ணைச் சொல்கிறார்கள். அது வண்டி போடும் மதிப்பீடு. என் வண்டியில் அது எப்போதும் உண்மையை விட ஒன்று, ஒன்றரை கூடவே காட்டும். பங்கில் டேங்க் நிரப்பும்போது நாசில் தானாக 'டக்'கென்று நிற்கும் இல்லையா, அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள். ரவுண்டாக வரட்டும் என்று பங்க் பையன் இன்னும் இரண்டு அமுக்கு அமுக்குவான், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். டிரிப் மீட்டரைச் சைபர் ஆக்குங்கள். 300 கிலோமீட்டராவது ஓடிய பிறகு, முடிந்தால் அதே பங்கில் அதே நாசிலில், மறுபடி முதல் 'டக்' வரை. ஓடிய தூரத்தை இரண்டாவது முறை போட்ட லிட்டரால் வகுத்தால் கிடைப்பதுதான் உங்கள் மைலேஜ். ஐந்நூறு ரூபாய்க்குப் போட்டு எத்தனை நாள் ஓடியது என்று பார்ப்பதெல்லாம் கணக்கே இல்லை.

எல்லாமே ரோட்டின் குற்றம் என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒரு வண்டியில் நானே ஏமாந்திருக்கிறேன். மைலேஜ் திடீரென்று மூன்று குறைந்துவிட்டது என்று வந்தார்கள். பிளக் மாற்றினேன், ஏர் ஃபில்டர் மாற்றினேன், அடுத்த முறை இன்ஜெக்டரும் கிளீன் பண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது முறை ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கியபோது லேசாகக் கருகல் வாசம். முன் இடது சக்கரத்துப் பக்கம் கையைக் கொண்டுபோனால் அடுப்பு மாதிரி அனல், வலது பக்கம் வெறும் வெதுவெதுப்பு. ஜாக்கி போட்டுக் கையால் சுற்றினேன். வலது சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. இடது அரைச் சுற்றில் நின்றது.

பிரேக் பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரைக் கழற்றினால், அது நகரும் கம்பியை மூடிய ரப்பர் கிழிந்து, உப்புக்காற்று உள்ளே போய், கம்பி துருவேறிக் கிடந்தது. பிரேக்கை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. எமரித்தாள் போட்டுத் தேய்த்து, புது ரப்பரும் பிரேக் கிரீஸும் போட்டதோடு சரியாகிவிட்டது. முதல் நாளே சக்கரத்தைச் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும். அன்றைய கூலியை வாங்க எனக்கு முகம் இல்லை.

கடற்கரையோரம் இருப்பவர்கள் இதை நீங்களே பார்க்கலாம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடும் பிரேக் போடாமல் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் பக்கமும் கையை நீட்டிப் பாருங்கள். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், கை வெந்துவிடும். முன்னிரண்டில் ஒன்று மட்டும், அல்லது பின்னிரண்டில் ஒன்று மட்டும் அனலாக இருந்தால் ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

டயர் காற்றைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். ஒன்று மட்டும் சேர்க்கிறேன். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலும் ஃபுல் லோடுக்குத் தனி அளவு இருக்கும். குடும்பத்தோடு வேளாங்கண்ணிக்கோ சபரிமலைக்கோ கிளம்பும் அன்று, டயர் சூடாகும் முன் காலையிலேயே அந்த அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். மலைக்குப் போய் வந்ததும் மேலே உள்ள கேரியரைக் கழற்றிவிடுங்கள். வருஷம் முழுக்க வெறும் கேரியரோடு சுற்றுபவர்கள் காற்றுக்குச் சும்மா தண்டம் கட்டுகிறார்கள்.

கொடைக்கானல் மாதிரி ஏற்றங்களில் மைலேஜ் ஏழுக்கும் எட்டுக்கும் இறங்கினால் பயப்பட வேண்டாம். வத்தலக்குண்டிலிருந்து மேலே ஏறுவது ஏறக்குறைய 1,800 மீட்டர். அத்தனை எடையை அவ்வளவு உயரம் தூக்க மட்டுமே மூன்று லிட்டர் வேண்டும். அதை மிச்சம் பிடிக்கிறேன் என்று இறக்கத்தில் நியூட்ரல் போடுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கோபம் வரும். கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்றைய இன்ஜின்கள் பெட்ரோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் இன்ஜின் ஐட்லிங் ஓட பெட்ரோல் குடிக்கும். இன்ஜின் பிரேக்கும் இல்லாமல் போய், பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். காசும் போய் உயிருக்கும் ஆபத்து.

இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு லிட்டர் வெப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மொத்தத்தில் ஆறேழு சதவீத சக்தி அங்கேயே போகிறது. இதற்கு நீங்களும் நானும் செய்ய ஒன்றுமில்லை. மைலேஜ் கூட்டும் என்று டேங்கில் ஊற்றத் தரும் குப்பிகளை என் கடையில் நான் விற்பதும் இல்லை.

வாத்தியார் டீயைக் குடித்துவிட்டு அரை மனதோடு போனார். இரண்டு மாதம் கழித்து ஒரு நோட்டோடு வந்தார். மதுரைக்குக் கல்யாணத்துக்குப் போனபோது டேங்க் டு டேங்க் 16.9, அழகான கையெழுத்தில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார். திருவனந்தபுரத்துக்கு இப்போதெல்லாம் இரணியலில் வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில்தான் போகிறாராம்.

"ஆனா மக்களே, வீட்டுலேர்ந்து ஸ்டேஷன் வரைக்கும் ஒன்பதுதான் தருது, கேட்டியா. அதுல கோளாறு உண்டா?"

இன்ஜின் சூடேறும் முன்பே ஸ்டேஷன் வந்துவிடுகிறது சார் என்று சொல்ல, மறுபடி ஒரு டீ சொன்னேன்.