டேசர் ஏன் சில நேரம் வேலை செய்வதில்லை? அமெரிக்கப் போலீஸ் ஆயுத விதிகளுக்குப் பின்னால் இருக்கும் இயற்பியல்

அமெரிக்காவில் எல்லாப் போலீஸுக்கும் பொதுவான ஆயுதக் கையேடு என்று ஒன்று கிடையாது. நகரம், கவுண்டி, மாநிலம் என்று ஏறத்தாழ 18,000 காவல் அமைப்புகள் தனித்தனியாக இயங்குகின்றன. எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா, மின்னதிர்ச்சி கொடுத்து ஆளை முடக்கும் டேசர் கருவியை இடுப்பின் எந்தப் பக்கம் மாட்டுவது என்பதையெல்லாம் ஒவ்வொன்றும் தானே முடிவு செய்துகொள்கிறது. அடிப்படையாக இருப்பவை உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள். தப்பி ஓடுகிறவர் பிறர் உயிருக்கு ஆபத்தானவர் என்று நம்பக் காரணம் இருந்தால் ஒழிய அவரைச் சுடக் கூடாது என்றது 1985இல் வந்த கார்னர் தீர்ப்பு. அந்த இடத்தில், அந்த நொடியில் நியாயமான ஓர் அதிகாரி என்ன செய்திருப்பார் என்பதே அளவுகோல் என்றது 1989இல் வந்த கிரஹாம் தீர்ப்பு. இந்தத் துறைகளின் கையேடுகளில் மற்ற பக்கங்களை வாசித்தால் சட்டத்தைவிட இயற்பியலும் உடலியலும்தான் அதிகம் தென்படும். டேசர் பற்றிய அத்தியாயத்தில் அது இன்னும் தெளிவு.

பல ஆண்டுகள் பரவலாகப் புழங்கிய எக்ஸ்26 என்ற மாடலை எடுத்துக்கொள்வோம். முன்முனையில் மாட்டும் கேட்ரிட்ஜ் என்ற சிறு பெட்டிக்குள் அழுத்தி அடைத்த நைட்ரஜன் வாயு, கொக்கி முனை கொண்ட இரண்டு ஊசிகள், அவற்றோடு பிணைந்த மெல்லிய கம்பிகள். விசையை (டிரிகரை) இழுத்ததும் வாயு ஊசிகளைத் தள்ளும், கம்பிகள் பின்னாலேயே அவிழ்ந்து போகும். ஊசிகள் இரண்டும் உடலில் பட்டால்தான் மின்சுற்று முழுமையாகும். 50,000 வோல்ட் என்று எல்லோரும் சொல்லும் எண், ஊசிக்கும் தோலுக்கும் நடுவில் துணியோ காற்றோ இருந்தால் அதைத் தாண்டிப் பாய்வதற்கான அழுத்தம். உடலுக்குள் இறங்கும்போது அது சுமார் 1,200 வோல்ட்தான்; சராசரி மின்னோட்டம் ஏறத்தாழ 2 மில்லிஆம்பியர். ஒவ்வொரு துடிப்பும் நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரமே நீடிக்கும், நொடிக்கு 19 துடிப்புகள். தசையை இயக்கும் நரம்புகள் இந்தத் துடிப்புகளுக்கு உடனே பணிந்துவிடும். ஒரு சுருக்கம் தளர்வதற்குள் அடுத்தது வந்துவிடுவதால் மூளையின் கட்டளைக்குத் தசை காது கொடுப்பதில்லை. விசையை ஒருமுறை இழுத்துவிட்டால் 5 நொடி ஓடும்.

இதில் தூரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. மேல் ஊசி நேராகப் போகும், கீழ் ஊசி 8 டிகிரி சரிவில் போகும். அதனால் 7 அடிக்கு 1 அடி என்ற கணக்கில் இரண்டும் விலகுகின்றன. மின்சாரம் பிடிப்பது பெரும்பாலும் ஊசிகளுக்கு இடையே உள்ள தசைகளை மட்டும். 2 அடி தொலைவில் சுட்டால் இடைவெளி மூன்றரை அங்குலம்கூட வராது. உள்ளங்கை அளவு தசை துடிக்கும், வலிக்கும், ஆள் விழமாட்டார். போதையிலோ மனநெருக்கடியிலோ இருப்பவருக்கு அந்த வலி ஆத்திரத்தைத்தான் கூட்டும். இந்தக் காரணத்தால்தான் ஊசி எய்யாமல் கருவியையே உடலில் அழுத்தி ஷாக் கொடுக்கும் முறையைப் பல துறைகள் கட்டுப்படுத்தியிருக்கின்றன. மறுபக்கம், 21 அடியில் இடைவெளி 3 அடியாகி, ஓர் ஊசி காலுக்கு வெளியே போய்விட வாய்ப்பு அதிகம். நல்ல பலன் கிடைப்பது தோராயமாக 7 முதல் 15 அடிக்குள். கத்தியோடு பாய்கிறவர் அந்தத் தூரத்தைக் கடக்க ஒன்றரை நொடிகூட ஆகாது. கத்திக்கு எதிரே ஒருவர் டேசர் எடுத்தால் பக்கத்தில் இன்னொருவர் கைத்துப்பாக்கியோடு தயாராக நிற்க வேண்டும் என்று கையேடுகள் வலியுறுத்துவது இதனால்தான். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு இது முரண்பாடாகத் தெரியலாம். ஆனால் ஊசியைத் தோலிலிருந்து தள்ளி நிறுத்தும் தளர்வான ஒரு குளிர்கால ஜாக்கெட் போதும் டேசரைத் தோற்கடிக்க.

குறி எங்கே என்பதற்கும் காரணம் உண்டு. முதல் தேர்வு முதுகு: பெரிய தசைகள், துணியும் அங்கே ஒட்டியபடி இருக்கும். முன்பக்கம் என்றால் ஓர் ஊசி பெல்ட்டுக்கு மேலே, மற்றது கீழே பட வேண்டும். இடுப்பு, தொடைத் தசைகள் சிக்கினால்தான் நிற்க முடியாமல் போகும். நெஞ்சைத் தவிர்க்கும்படி தயாரிப்பு நிறுவனமே 2009இல் அறிவுறுத்தியது. ஊசி இதயத்துக்கு மிக அருகே பட்டால் அரிதாக இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம்.

மொத்தம் 15 நொடிக்கு மேல் பாய்ச்சுவது மரணத்துக்கோ கடும் காயத்துக்கோ வழிவிடலாம் என்று 2011இல் வெளியான தேசிய வழிகாட்டுதல் எச்சரித்தது. மூன்று முறை விசை இழுத்தாலே அது முடிந்துவிடும். அதனால் நல்ல பயிற்சியில் சொல்லித்தருவது இது: முதல் 5 நொடி ஓடிக்கொண்டிருக்கும்போதே கூட இருப்பவர் விலங்கு மாட்டிவிட வேண்டும். இரண்டு ஊசிகளுக்கு நடுவே கை வைக்காதவரை அவருக்கு ஷாக் அடிக்காது. 'அடங்குகிறாரா பார்ப்போம்' என்று காத்திருந்தால் இரண்டாவது, மூன்றாவது என்று நீண்டுகொண்டே போகும். தசை இறுகிக் கிடப்பவரிடம் 'கையைப் பின்னால் கொண்டு வா' என்று கத்துவதில் அர்த்தமே இல்லை, அவரால் அது முடியாது.

மாடி விளிம்பில், மரத்தில், பாலத்தின் மேல் நிற்பவர்மீது டேசர் கூடாது. ஷாக் அடித்தவர் வெட்டிய மரம்போல் சாய்வார், கையை ஊன்றித் தலையைக் காக்க முடியாது. ஓடுகிறவர்மீது கூடாது என்பதும் அதே காரணம். தண்ணீரில் கூடாது, மூழ்கிவிடுவார். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் கூடாது. ஆல்கஹால் கலந்த பெப்பர் ஸ்பிரே அடித்த பிறகும் கூடாது, பொறி பட்டால் தீப்பிடிக்கும். ஆகவே டேசர் வாங்கும் துறை, தன்னிடம் உள்ள ஸ்பிரேயில் என்ன கரைப்பான் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது, கை ஏமாற்றும் விஷயம். 2009 ஜனவரி 1 அன்று கலிபோர்னியாவின் ஓக்லாந்து ரயில் நிலையத்தில் டேசர் என்று நினைத்துத் துப்பாக்கியால் சுட்டதாக ஓர் அதிகாரி சொன்னார். ஓர் இளைஞர் இறந்தார். 2021 ஏப்ரல் 11 அன்று மின்னசோட்டாவின் புரூக்ளின் சென்டரில், 26 ஆண்டு அனுபவமுள்ள அதிகாரி 'டேசர், டேசர்' என்று வாயால் கத்திக்கொண்டே கைத்துப்பாக்கியால் சுட்டார். 20 வயது இளைஞர் இறந்தார். அந்த அதிகாரியின் டேசர் மஞ்சள் நிறம், இடது இடுப்பில் இருந்தது. துப்பாக்கி கறுப்பு, வலது இடுப்பு. நிறம், இடம், எச்சரிக்கைக் குரல் என்று விதி கேட்ட மூன்றும் இருந்தும் கை வலது பக்கமே போனது. ஆயிரக்கணக்கான முறை பழகிய அசைவு, பதற்றத்தில் குறைவாகப் பழகிய அசைவை முந்திக்கொள்கிறது. துப்பாக்கியை ஓயாமல் உருவிப் பழக்கிவிட்டு, டேசரை வருடாந்திர வகுப்பில் மட்டும் தொடவிட்டால் எந்த உறையும் காப்பாற்றாது. இரண்டையும் ஒரே பயிற்சியில், மாற்றி மாற்றி, நெருக்கடி கொடுத்து எடுக்கச் சொல்ல வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான், ஆனாலும் இதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

இதே குழப்பம் ஷாட்கன் என்ற நீளத் துப்பாக்கியிலும் நடக்கும். பீன்பேக் என்பது சுமார் 40 கிராம் ஈயக் குண்டுமணிகளைத் துணிப்பையில் கட்டி, 12 கேஜ் தோட்டாவுக்குள் அடைத்தது. நொடிக்கு 85 மீட்டர் வேகம் என்று வைத்தால் ஆற்றல் ஏறத்தாழ 145 ஜூல். 8 கிராம் எடையுள்ள 9 எம்எம் தோட்டா நொடிக்கு 350 மீட்டரில் போனால் 490 ஜூல். மூன்று மடங்கு வித்தியாசம்தானே என்று தோன்றும். பரப்பைக் கணக்கில் எடுங்கள்: பை 4 சென்டிமீட்டர் அகலத்தில் மோதினால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 11 ஜூல், தோட்டாவுக்கோ 750க்கு மேல். தோல் கிழியாமல் இருப்பது இந்தப் பரப்பால்தான். பழைய சதுரப் பைகள் விரியாமல் ஓரமாக மோதி உடலைத் துளைத்ததுண்டு; வால் வைத்த சாக்ஸ் வடிவம் வந்தது அதனால். சுமார் 6 மீட்டருக்குள் சுடாதே, வயிறு, தொடை தவிர வேறெங்கும் குறிவைக்காதே என்பவை இதையொட்டிய விதிகள். தலையும் கண்ணும் எந்தக் கணக்கிலும் அடங்காதவை. 2004 அக்டோபரில் பாஸ்டனில் பேஸ்பால் வெற்றிக் கொண்டாட்டக் கூட்டத்தின்மீது போலீஸ் சுட்ட மிளகுக் குண்டு கண்ணில் பட்டு 21 வயது மாணவி ஒருவர் உயிரிழந்தார்.

போர்ட்லாந்தில் 2011இல் ஓர் அதிகாரி பீன்பேக் ஷாட்கன்னில் தவறுதலாக உண்மையான தோட்டாக்களை ஏற்றிச் சுட்டதில் ஒருவர் படுகாயமடைந்தார். இரண்டு தோட்டாக்களும் ஒரே அளவு, ஒரே துப்பாக்கிக்குள் போகும். ஆரஞ்சு நிறக் கட்டை போட்ட தனித் துப்பாக்கி, தனிப்பை, ஏற்றும்போது இன்னொருவர் ஒவ்வொரு தோட்டாவையும் கண்ணால் பார்த்துச் சரிசொல்வது ஆகியவைதான் இதற்குத் தீர்வு. இன்னும் பாதுகாப்பானது, மென்மையான முனை கொண்ட குண்டைச் சுடும் 40 எம்எம் ஸ்பாஞ்ச் லாஞ்சர். சாதாரண ஷாட்கன் தோட்டா அதில் பொருந்தவே பொருந்தாது.

கைத்துப்பாக்கி விதிகளில் ஒன்றை மட்டும் பார்ப்போம்: சுடுவது என்று முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே, சட்டகத்தின் பக்கவாட்டில் நீட்டியபடி இருக்க வேண்டும். ஒரு கையால் ஆளை இறுக்கிப் பிடித்தால் மற்றக் கையும் தானாக இறுகும். தடுக்கி விழும்போதும், திடீர்ச் சத்தத்தில் திடுக்கிடும்போதும் அப்படியே. சாதாரண குளாக் துப்பாக்கியின் விசைக்கு சுமார் இரண்டரை கிலோ இழுவிசை போதும்; அந்த இறுக்கம் அதைத் தாண்டிவிடும். இதற்குப் பயந்து நியூயார்க் போலீஸ் பல காலம் ஐந்தரை கிலோ இழுவிசை கொண்ட விசையை வைத்திருந்தது. கடினமான விசை, சுடும் கணத்தில் முனையைப் பக்கவாட்டில் இழுக்கிறது என்ற புகார் எழுந்தது. 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்துக்கு வெளியே இரண்டு அதிகாரிகள் ஒரு கொலையாளியை நோக்கி 16 முறை சுட்டார்கள். தோட்டாக்களும் சிதறல்களும் பட்டு வழிப்போக்கர்கள் 9 பேர் காயமடைந்தார்கள். விசையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, ஆனால் விரலைப் பழக்குவதற்குப் பதில் ஸ்பிரிங்கைக் கடினமாக்கியது தவறான இடத்தில் தீர்வு தேடியது என்றே எனக்குப் படுகிறது.

சம்பவம் முடிந்த பிறகு வேலை இன்னும் இருக்கிறது. கேட்ரிட்ஜ் வெடிக்கும்போது வரிசை எண் அச்சிட்ட சின்னஞ்சிறு காகிதப் பொட்டுகள் சிதறும். எங்கிருந்து, யாருடைய கேட்ரிட்ஜ் சுட்டது என்பதற்கு அவையே சாட்சி, அவற்றைப் பொறுக்கி வைக்க வேண்டும். முகம், கழுத்து, மார்பகம், பிறப்புறுப்பு ஆகிய இடங்களில் தைத்த ஊசியை மருத்துவர்தான் எடுக்க வேண்டும். கருவியின் நினைவகத்திலிருந்து பதிவைக் கணினியில் இறக்கும்போது மட்டும் கவனம் தேவை. எக்ஸ்26 பதிவு செய்வது விசை எவ்வளவு நேரம் ஓடியது என்பதை. உடலில் மின்சாரம் எவ்வளவு நேரம் பாய்ந்தது என்பதை அல்ல. 15 நொடி என்று பதிவு காட்டினாலும், ஓர் ஊசி தவறியிருந்தால் உடலுக்கு ஒன்றுமே போயிருக்காது. பின்னால் வந்த மாடல்கள் ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு மின்னேற்றம் போனது என்பதையும் சேமிக்கின்றன. விசாரணைக்கு வரும் அறிக்கையில் எது இருக்கிறது என்று முதலில் மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும்.