ஃபெசன்ட்டைத் தலைக்கு மேல் பறக்கவைப்பது எப்படி?

இங்கிலாந்துக் குளிர்காலத்தில் ஒரு பள்ளத்தாக்கின் அடியில் எட்டுப் பேர் துப்பாக்கியோடு வரிசையாக நிற்கிறார்கள். ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே சுமார் 40 கஜம். ஒவ்வொருவர் பக்கத்திலும் எண் எழுதிய ஒரு முளைக்குச்சி. மேட்டுத் தோப்பிலிருந்து கோழி இனத்தைச் சேர்ந்த ஃபெசன்ட் பறவைகள் இரண்டும் மூன்றுமாக எழுந்து, 25, 30 மீட்டர் உயரத்தில் அவர்கள் தலைக்கு மேல் கடக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்குச் சுடுபவரின் திறமைதான் தெரியும். ஆனால் அந்தப் பறவை அந்த இடத்துக்கு, அந்த உயரத்தில் வந்து சேர வசந்த காலத்திலிருந்தே வேலை நடந்திருக்கிறது. அந்த வேலைக்குச் சொந்தக்காரர், வேட்டைப் பறவைகளை வளர்த்துக் காக்கும் ஊழியரான கேம்கீப்பர், சுருக்கமாகக் கீப்பர். துப்பாக்கியின் பங்கு கடைசி அரை விநாடி மட்டும்.

பிரபுவின் மாளிகை, சுற்றியுள்ள பூங்கா, குத்தகைப் பண்ணைகள், தோப்புகள் எல்லாம் சேர்ந்ததுதான் அங்கே எஸ்டேட். 19ஆம் நூற்றாண்டின் முன்பாதி வரை அங்கே வேட்டை என்றால், மோப்ப நாயை முன்னால் விட்டு வயல்வெளியில் நடப்பது. குழல் வாய் வழியாக வெடிமருந்தும் ரவை எனப்படும் சிறு ஈய உருண்டைகளும் இடித்து நிரப்பும் துப்பாக்கியில் அடுத்த வேட்டுக்கு நேரம் பிடிக்கும். அதனால் பறவையைத் தேடி மனிதன் போனான். 1851 லண்டன் மாபெரும் கண்காட்சியில் லெஃபோஷே என்ற பிரெஞ்சுக்காரரின் பின்பக்கம் திறக்கும் துப்பாக்கி வைக்கப்பட்டது. ஆங்கிலேயக் கொல்லர்கள் அதைப் பார்த்துத் தாங்களும் செய்யத் தொடங்கினார்கள். தோட்டாவைப் போட்டு மூடினால் போதும் என்றாகிவிட்டது. ஒரே மாதிரி இரண்டு துப்பாக்கிகள், பக்கத்தில் தோட்டா போட்டுத் தர ஓர் ஆள் என்று ஏற்பாடு செய்துகொண்டால் நின்ற இடத்திலேயே விடாமல் சுடலாம். அதன் பிறகு மனிதன் நின்றான், பறவை அவனைத் தேடி வரவேண்டியதாயிற்று.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஃபெசன்ட் பறக்க விரும்பாத பறவை. ஆபத்து என்றால் முதலில் ஓடும்; ஓட வழியில்லை என்றால்தான் எழும். அதன் மார்புச் சதை பெரும்பாலும் வெளிர்நிறத் தசைநார்களால் ஆனது. சேமித்து வைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரைப் பொருளை ஆக்சிஜனுக்குக் காத்திராமல் எரித்து, சில விநாடிகளுக்குப் பெரும் விசை தரக்கூடிய தசை அது. குட்டையான அகன்ற இறக்கைகளோடு அந்த விசை சேரும்போது பறவை ஏறக்குறைய நெட்டுக்குத்தாக எழும்பும். பிறகு இறக்கையை விரித்துச் சறுக்கும். சர்க்கரை தீர்ந்ததும் தசை களைத்துவிடும். ஒருமுறை பறந்த பறவையை உடனே மறுபடி எழுப்பினால் தாழ்வாகத்தான் போகும். ஒரே தோப்பை ஒரே நாளில் இரண்டு தடவை கலைப்பதில்லை என்ற கீப்பர்களின் வழக்கத்துக்கு இதுவே காரணம்.

கீப்பருக்குக் கைகொடுக்கும் இன்னொரு குணம், ஃபெசன்ட் தன் வீட்டுக்குத் திரும்ப நினைப்பது. அந்த 'வீடு' எது என்று அதற்குப் பழக்கிவிடுவதுதான் கோடைகால வேலை. முன்பு முட்டைகளைப் பொறுக்கி, ஓர் அடைக்கோழிக்குப் பதினைந்து இருபது என்று அடை வைத்தார்கள். ஒவ்வொரு கோழியையும் தினமும் பெட்டியிலிருந்து எடுத்து, காலில் கயிறு கட்டி, தீனியும் தண்ணீரும் காட்டித் திரும்ப உட்கார வைக்கவேண்டும். நூற்றுக்கணக்கான கோழிகள் இருந்தால் இது விடிகாலை முதல் ஆகும் வேலை. இப்போது இன்குபேட்டர், ஏறக்குறைய 24 நாளில் குஞ்சு வெளியே வரும். ஆறு ஏழு வாரக் குஞ்சுகளைத் தோப்புக்குள் இருக்கும் கம்பிவலைப் பட்டிக்குக் கொண்டுபோவார்கள். வலை ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். அடிப்பகுதி வெளிப்பக்கமாக மடித்துத் தரையோடு பதிக்கப்பட்டிருக்கும், நரி தோண்டினால் காலடியில் வலை தட்டுப்படும்படி. கூரை கிடையாது. ஒருபக்க இறக்கையின் பறக்கும் இறகுகளை நறுக்கிவிட்டால் சில வாரம் பறவை உள்ளேயே தங்கும். இறகு வளர வளரத் தாண்டிப் பறக்கப் பழகும். வெளியே போனது மாலையில் நடந்தே திரும்பி வர, தரைமட்டத்தில் புனல் போன்ற நுழைவழிகள் உண்டு. நரி தலையை நுழைக்க முடியாத அளவுக்கு அவற்றில் கம்பி இருக்கும்.

பட்டியில் நெரிசல் கூடாது. ஒரு ஹெக்டேர் பட்டிக்கு 1,000 பறவைக்கு மேல் விடக்கூடாது, பழமையான இயற்கைக் காடாக இருந்தால் 700 என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் வரம்பு. மீறினால் தரைச் செடிகள் எச்சத்தால் கருகும். பறவைகள் ஒன்றையொன்று இறகு கொத்தும். மூச்சுக்குழலில் ஒட்டிக்கொள்ளும் புழு பரவி, குஞ்சுகள் வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறும்.

இறகு முளைத்த பறவைகள் ஊர் சுற்றக் கிளம்பும். கீப்பர் காலையும் மாலையும் நாயோடு எல்லையைச் சுற்றி, வழிதவறியவற்றை வீட்டுப் பக்கம் திருப்பி விரட்டுவார். கோதுமை இறைக்கும்போது தினமும் ஒரே மாதிரி விசில் அடிப்பார். சில வாரத்தில் விசில் கேட்டதும் பறவை ஓடி வரும். பிறகு தீனி போடும் இடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர் மேட்டுக்கு, அங்கே விதைத்த மக்காச்சோளத் துண்டு நிலத்துக்கு மாற்றிக்கொண்டே போவார். பறவை பகலில் நடந்து போய் அங்கே மேயும். இரவுக்குத் தோப்புக்கு வரும். மேய்கிற இடத்தில் கலைத்தால் வீட்டை நோக்கித்தானே பறக்கும்? இரண்டுக்கும் நடுவே உள்ள பள்ளத்தில் முளைக்குச்சிகளை நட்டால் ஏற்பாடு முடிந்தது.

நார்ஃபோக் போன்ற தட்டையான சீமையில் பள்ளத்தாக்குக்கு எங்கே போவது? அங்கே உயரத்தை மரங்கள் தந்தன. உயர்ந்த மரவரிசைகளைத் தாண்டியாக வேண்டிய பறவை மேலே ஏறித்தான் வரும். துப்பாக்கிக்காரர்கள் மரவரிசையிலிருந்து தள்ளி நிற்பார்கள். கிழக்கு இங்கிலாந்தின் பல சிறு தோப்புகளும் புதர்வேலிகளும் இன்றும் மிஞ்சியிருப்பதற்கு ஃபெசன்ட்டும் கௌதாரியும் பெரிய காரணம். விவசாய லாபக் கணக்கு மட்டும் பார்த்திருந்தால் எப்போதோ உழுதிருப்பார்கள்.

வேட்டை நாளில் காடு கலைப்பவர்கள் பத்திருபது பேர் வரிசை கட்டுவார்கள். முதலில் ஓரத்து வேலிகளையும் புதர்களையும் மெதுவாகக் கலைத்து, பறவைகளை ஓசையில்லாமல் முக்கியத் தோப்புக்குள் ஒதுக்குவார்கள். தோப்பின் மூலைகளில் காலையிலேயே ஓரிருவரை நிறுத்தி, குச்சியால் மரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கச் சொல்வார்கள். இல்லாவிட்டால் பறவை பக்கவாட்டில் ஓடித் தப்பிவிடும். வரிசை நேராக வரவேண்டும், கத்தல் கூடாது, தட்டல் போதும்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, எல்லாப் பறவையும் ஒரே சமயத்தில் எழுவது. எட்டுப் பேர், ஆளுக்கு இரண்டு குழல்: ஒரு மூச்சில் 16 வேட்டு. நூறு பறவை சேர்ந்து எழுந்தால் குறைந்தது 84 தப்பும், பிறகு தோப்பு காலி. இதைத் தடுக்கத் தோப்பின் விளிம்புக்குச் சற்று உள்ளேயே வண்ணத் துணிக் கீற்றுகள் கட்டிய கயிறு ஒன்றை முழங்கால் உயரத்தில் இழுத்துக் கட்டுவார்கள். ஓடி வரும் பறவை அதைக் கண்டு தயங்கி, புல்லுக்குள் பதுங்கும். ஒருவர் கயிற்றை லேசாக ஆட்ட, இரண்டு மூன்றாக எழும். எழும்போதெல்லாம் வரிசை நிற்கவேண்டும். வானம் காலியானதும் இரண்டடி முன்னேறவேண்டும். கயிற்றை விளிம்பிலேயே கட்டிவிட்டால் ஏறுவதற்கு இடமில்லாமல் பறவை தாழ்வாக வெளியேறும். தாழ்ந்த பறவையைச் சுடக்கூடாது. அதன் பின்னணியில் வானம் இருக்காது, காடு கலைப்பவர் இருப்பார்.

காற்று இன்னொரு எதிரி. ஃபெசன்ட் காற்றுக்கு எதிராக எழும்பி, பிறகு காற்றோடு வளைந்து போகும். காற்று திசை மாறினால் பறவைகள் கலைப்பவர்கள் தலைக்கு மேலேயே பின்பக்கம் போய்விடும். அதனால்தான் எந்தத் தோப்பு முதலில், எது கடைசியில் என்பதைக் கீப்பர் அன்று காலையில்தான் முடிவு செய்வார். கொட்டும் மழையில் நனைந்த பறவை ஏறாது. மூடுபனி என்றால் வேட்டையே கிடையாது.

இனி அந்த அரை விநாடி. வழக்கமான துப்பாக்கி 12 போர் (bore) இரட்டைக் குழல். குழலின் உள்விட்டத்துக்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் 12 சேர்ந்தால் ஒரு பவுண்டு என்பதே அந்த எண்ணின் கணக்கு. விட்டம் சுமார் 18.5 மில்லிமீட்டர். 30 கிராம் தோட்டாவில் ஆங்கிலேய 6ஆம் எண் ஈய ரவை சுமார் 287 இருக்கும். ஒவ்வொன்றும் 2.6 மில்லிமீட்டர். குழல் வாயை விடும்போது வேகம் விநாடிக்கு 400 மீட்டர் அளவில். சிறிய உருண்டை என்பதால் காற்று சீக்கிரம் வேகத்தைத் தின்றுவிடும். 35 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.13 விநாடி ஆகும். ஃபெசன்ட் விநாடிக்கு 18 மீட்டர் வேகத்தில் வந்தால் அதற்குள் 2 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். பறவையைக் குறிபார்த்துச் சுட்டால் ரவை அதன் வாலுக்கும் பின்னால் போகும் என்பது இதிலிருந்தே புரியும். துப்பாக்கியைப் பறவையின் பின்னாலிருந்து அதன் பாதையிலேயே ஓட்டி, அதை முந்தி, விசையை இழுத்த பிறகும் ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். அலகின் முன்னால் இடைவெளி சரியாக இருக்கிறதா என்று கண் சோதிக்கத் தொடங்கியதுமே கை நின்றுவிடும். கை நின்றால் வேட்டு பின்னால். தவறும் வேட்டுகளில் பெரும்பகுதி இந்த வகை.

குழல் வாயைச் சிறிது குறுக்கினால் ரவை அடர்த்தியாகப் போகும். அந்தக் குறுக்கத்தின் பெயர் சோக். 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை ரவை விழுகிறது என்பதே அளவுகோல்: குறுக்கமே இல்லாத குழலில் 40 சதவீதம், கால் சோக்கில் 55, முழுச் சோக்கில் 70. ஃபெசன்ட் துடிக்காமல் விழ அந்த வட்டத்தில் சுமார் 120 ரவை வேண்டும் என்பார்கள். கால் சோக்கில் 287-இல் 55 சதவீதம் என்றால் 158, தாராளம். அதே குழலில் 50 கஜத்தில் 38 சதவீதம்தான், ரவை 109. பத்தே கஜ வித்தியாசத்தில் சாகும் பறவை, அடிபட்டு எங்கோ போய் விழும் பறவையாகிறது. நாய்களோடு வரிசைக்குப் பின்னால் தூரத்தில் சிலரை நிறுத்துவது இப்படி விழுந்தவற்றைத் தேடி எடுக்கத்தான். தூரம் அதிகம் என்று தெரிந்தால் துப்பாக்கியை இறக்கிக்கொள்பவரே நல்ல வேட்டைக்காரர்.

இந்த ஏற்பாடு ராஜகுடும்பத்துக்குப் பிடித்தமானபோது எண்ணிக்கைப் போட்டியும் வந்தது. 1862இல் வாங்கப்பட்ட சாண்ட்ரிங்ஹாம் எஸ்டேட்டில், குளிர்காலப் பகல் வெளிச்சத்தை வேட்டைக்கு மிச்சப்படுத்த எட்டாம் எட்வர்டின் தாத்தாவான ஏழாம் எட்வர்ட் கடிகாரங்களை அரைமணி முன்னால் ஓடவைத்தார். 1936இல் பேரன்தான் அதை நிறுத்தினார். 1913 டிசம்பர் 18 அன்று பக்கிங்ஹாம்ஷையரின் ஹால் பார்ன் எஸ்டேட்டில் ஐந்தாம் ஜார்ஜ் கலந்துகொண்ட வேட்டையில் ஒரே நாளில் 3,937 ஃபெசன்ட்கள் விழுந்தன. நார்ஃபோக்கின் ஹோல்கம் எஸ்டேட் விட்டுச்சென்ற சொத்து வேறு வகை. கீப்பர்களின் நீண்ட தொப்பி கிளைகளில் இடித்து விழுகிறதென்று 1849இல் எட்வர்ட் கோக் என்பவர் லண்டன் கடையில் கெட்டியான வட்டத் தொப்பி ஒன்றைச் செய்யச் சொன்னார். பின்னாளில் வங்கிக்காரர்கள் தலையில் ஏறிய பவுலர் தொப்பி அதுதான்.

பறவை யாருக்குச் சொந்தம் என்பதில் இருந்த கொடுமையையும் சொல்லவேண்டும். 1671ஆம் ஆண்டுச் சட்டப்படி போதிய நில வருமானம் இல்லாதவன் தன் வயலில் வந்த கௌதாரியைக்கூடப் பிடிக்க முடியாது. திருட்டு வேட்டைக்காரரைக் கொல்லத் தோப்புகளில் கம்பி இழுத்துப் பொறித்துப்பாக்கிகள் வைத்தார்கள். 1827இல்தான் அது தடை செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே வந்த சட்டம், இரவில் மூன்றாம் முறை பிடிபட்டவரைக் கடல்கடந்து 7 ஆண்டு நாடுகடத்த இடம் கொடுத்தது. தகுதிக் கட்டுப்பாடு 1831இல் போனது. ஆனாலும் பயிரைத் தின்னும் முயலை அடிக்கக் குத்தகை விவசாயிக்கு மறுக்க முடியாத உரிமை 1880 வரை கிடைக்கவில்லை.

கௌதாரி தனிக் கதை. சஃபோக்கின் யூஸ்டன் எஸ்டேட்டில் கீப்பர்கள் கூட்டிலிருந்த முட்டைகளை எடுத்து, பொய் முட்டைகளை வைத்தார்கள். நிஜ முட்டைகள் அடைக்கோழிகளிடம் பத்திரமாக இருக்கும். முட்டை ஓட்டைக் குஞ்சு உள்ளிருந்து கொத்தத் தொடங்கியதும் மறுபடி கூட்டுக்கு வரும். நரியோ காகமோ கூட்டைச் சூறையாடினாலும் போவது பொய் முட்டைதான். இருந்தும் இரண்டாம் உலகப்போருக்குப் பின் சாம்பல் கௌதாரி சரிந்தது. முதல் இரண்டு வாரம் குஞ்சு உயிர்வாழ்வது பூச்சிகளைத் தின்று. களைக்கொல்லி களைகளை அழிக்க, களையில் வாழ்ந்த பூச்சிகளும் போயின. இப்போது சில எஸ்டேட்டுகளில் வயல் ஓரத்து ஆறு மீட்டர் அகலத்துக்கு மருந்தை அளவோடு மட்டும் தெளித்துக் களையை விட்டுவைக்கிறார்கள்.

இன்றைய பெரிய மாற்றம் ரவையில். 1999இலேயே இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளைச் சுட ஈய ரவை தடை செய்யப்பட்டது. 2025இல் பிரிட்டிஷ் அரசு மற்ற வேட்டைகளிலும் ஈயத்துக்குத் தடை அறிவித்து, மாறிக்கொள்ள 3 ஆண்டு கொடுத்தது. மாற்று எஃகு. ஈயத்தின் அடர்த்தி 11.3, எஃகுக்கு 7.8, அதே அளவு எஃகு ரவை எடை குறைவு, வேகத்தைச் சீக்கிரம் இழக்கும். அதனால் 6ஆம் எண்ணுக்குப் பதில் பெரிய 4ஆம் எண். எஃகு நசுங்காது, குழலின் உட்சுவரைக் கீறும். ரவையைச் சுற்றி ஒரு கிண்ண உறை வேண்டும். அது பிளாஸ்டிக்காக இருந்தால் வயலெல்லாம் குப்பை என்பதால் மக்கும் உறைகள் வந்திருக்கின்றன. விக்டோரியா காலத்து மெல்லிய குழல்களுக்கு, அதுவும் முழுச் சோக் உள்ளவற்றுக்கு, எஃகு ஆகவே ஆகாது. குழல் வாய் வீங்கிவிடும். அவற்றை வைத்திருப்பவர்களுக்கு மிஞ்சுவது பிஸ்மத். அடர்த்தி 9.6, ஈயத்தைப் போல நசுங்கும், விலை மட்டும் பலமடங்கு.