கீவேர்ட் ஆர்க்யுமெண்ட்: உருபு ஏற்ற உள்ளீடு

நிரலில் ஒரு செயற்கூறுக்கு (function) மதிப்பை வெறுமனே அனுப்பாமல் பெயர் சொல்லி அனுப்பினால் அது கீவேர்ட் ஆர்க்யுமெண்ட். வரை(5, 2) என்றால் எது அகலம், எது உயரம்? இடத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். வரை(உயரம்=2, அகலம்=5) என்று எழுதிவிட்டால் முன்பின் மாறினாலும் கவலையில்லை.

ஆர்க்யுமெண்டை ‘வாதம்’ என்று பெயர்த்தால் சண்டை அல்லது மூட்டுவலிதான் நினைவுக்கு வரும். மூலமான லத்தீன் வினைக்குத் தெளிவாக்குதல், நிறுவுதல் என்று பொருள். வானியலார் அதை வேறுவிதமாகக் கையாண்டார்கள். கோளின் இருப்பைக் கணிக்க எந்த எண்ணைக் கொண்டு அட்டவணைக்குள் நுழைகிறோமோ, அந்த எண்ணே ஆர்க்யுமெண்ட். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்திலேயே இந்த வழக்கு உண்டு. அங்கிருந்து கணிதத்துக்கு, அப்புறம் நிரலுக்கு. ஆக, இந்தச் சொல் வளர்ந்ததே அட்டவணையில் தேடும் வேலையில்தான். இன்று நிரலில் ஒரு தொகுப்பிலிருந்து வேண்டியதை எடுக்கச் சதுர அடைப்புக்குள் நாம் செய்வதும் அதைத்தான்.

வேடிக்கை என்னவென்றால், பைத்தான் நிரல்மொழியில் அந்தச் சதுர அடைப்புக்குள்தான் பெயர் சொல்ல வழியில்லை. வெப்பம்[நேரம்=7, இடம்=3] என்று எழுதினால் பிழை. இதை அனுமதிக்கக் கேட்டு 2014இல் பெப் 472, 2020இல் பெப் 637 என இரண்டு முன்மொழிவுகள் வந்தன, இரண்டும் ஏற்கப்படவில்லை. சிக்கல் காற்புள்ளியில் இருக்கிறது. வரை(7, 3) இரண்டு மதிப்புகளை அனுப்பும். வெப்பம்[7, 3] அவற்றை ஒரே டூப்பிளாக, அதாவது மதிப்புகளின் ஒரே கட்டாக, ஆக்கி அனுப்பும். சரி, பெயருள்ளவை மட்டும் வந்தால் அந்தக் கட்டின் இடத்தில் என்ன போகும்? வெற்று டூப்பிள் போகட்டும் என்றது பெப் 637. இத்தனை சிக்கலுக்கு ஈடான பயன் இல்லை என்று 2021இல் நிராகரித்துவிட்டார்கள். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

சதுர அடைப்புக்குள் போடுவதற்கு இண்டெக்ஸ் என்று பெயர். அதற்கு லத்தீனில் சுட்டுவிரல் என்றும் பொருள். தமிழில் ‘சுட்டெண்’ அச்சாகப் பொருந்துகிறது. பெயரால் தேடும்போது மட்டும் ‘எண்’ இடிக்கும், ‘சுட்டு’ போதும்.

கீவேர்டைத் ‘திறவுச்சொல்’ என்பது இங்கே சரிவராது. மொழியே தனக்கென ஒதுக்கிக்கொண்ட சொற்களுக்கும் கீவேர்ட் என்றுதான் பெயர், இரண்டும் குழம்பிவிடும். இந்த இடத்தில் அது வெறும் பெயர்தான். ஆர்க்யுமெண்டுக்குக் கணினிக் கலைச்சொல்லில் ‘செயலுருபு’ உண்டு. எனவே ‘பெயருள்ள செயலுருபு’ என்பேன்.

அந்த ‘உருபு’ தற்செயலாக அமைந்திருந்தாலும் அருமை. ‘புலி மானைக் கொன்றது’, ‘மானைப் புலி கொன்றது’ – எப்படி மாற்றிப் போட்டாலும் செத்தது மான்தான். ஐ உருபு செய்யும் அதே வேலையைத்தான் ‘உயரம்=’ செய்கிறது.