புட்டி எடுப்பதற்கு முன் இடைவெளியைப் பாருங்கள்

சரிசெய்து தரச் சொல்லி என்னிடம் வரும் பிளாஸ்டிக் மாடல்களில் ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். பெயின்ட் அடித்தபோது வழவழவென்று இருந்த இணைப்பு, சில வாரம் கழித்து கோடாகக் குழிந்திருக்கும். செய்தவர் அக்கறையில் குறை இருக்காது. ஆழமான இடைவெளியில், அதை அடைக்கும் டியூப் புட்டியை ஒரே தடவையில் அப்பியிருப்பார்.

டாமியா நிறுவனத்தின் சாம்பல் நிற பேசிக் புட்டி போன்றவை கரைப்பான் கலந்தவை. கிட்டின், அதாவது ஒட்டிச் சேர்க்கும் மாடல் பாகங்களின், பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனை அந்தக் கரைப்பான் லேசாக இளக்குவதால் பிடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் அது ஆவியாக ஆக புட்டி சுருங்கும். தடிமனாகப் போட்டால் மேலே தோல் கட்டிக்கொள்ளும். உள்ளே சிக்கிய கரைப்பான் மெதுவாக வெளியேறும், பக்கத்துப் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். அதனால் இந்த வகையைக் கீறலுக்கும் மெல்லிய விரிசலுக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மெல்லிசாகப் பூசி, ஓர் இரவு விட்டு, தேவைப்பட்டால் அடுத்த பூச்சு. முடி அளவு கோடு என்றால் மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற கெட்டியான அடிப்பூச்சை பிரஷ்ஷில் தொட்டு வைத்தாலே போதும்.

பெரிய இடைவெளிக்கு என்ன செய்வது? ஸ்பிட்ஃபயர் போர் விமான மாடலை எடுத்துக்கொள்வோம். பல கிட்களில் கீழ் இறக்கை ஒரே துண்டாக வரும். இறக்கை உடலோடு சேரும் இடமும், வயிற்றுப் பக்கப் பின் இணைப்பும்தான் தொல்லை தரும். பசை போடாமல் டேப் ஒட்டிப் பொருத்திப் பாருங்கள். இறக்கை உடலோடு சேரும் இடத்தில் வெடிப்பு தெரிந்தால், உடலுக்குள் ஸ்ப்ரூ (கிட்டில் பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) துண்டு ஒன்றைக் குறுக்காக முட்டுக் கொடுத்து அகட்டினாலே பாதி மூடிவிடும். மிச்சத்துக்கு 0.25 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் மெல்லிய பட்டை வெட்டிச் செருகி, பிளாஸ்டிக் சிமென்ட் (பிளாஸ்டிக்கை இளக்கி ஒட்டும் பசை) விட்டு, நன்றாகக் காய்ந்ததும் மட்டமாகச் சீவிவிடலாம். அதுவும் பாலிஸ்டைரீன்தான் என்பதால் உப்புத்தாள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்க்கும், சுருங்கிக் குழியாது. புட்டியைவிட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

இணைப்பைக் குறுக்காகத் தாண்டி பேனல் கோடு (விமானத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பள்ளக் கோடு) போகிறதா? அங்கே சூப்பர் க்ளூ நல்லது. டியூப் புட்டியில் கோடு கீறினால் ஓரம் பொடிந்து வரும். சூப்பர் க்ளூ சுருங்காது, கோடும் சுத்தமாக விழும். ஆனால் அன்றே தேய்த்துவிடுங்கள். மறுநாள் அது பிளாஸ்டிக்கைவிடக் கெட்டியாகிவிடும். அப்புறம் உப்புத்தாள் பக்கத்துப் பிளாஸ்டிக்கைத்தான் அரிக்கும். கொஞ்சம் டால்கம் பவுடர் கலந்தால் தேய்ப்பது எளிது.

விமானி அறைக் கண்ணாடியைச் சுற்றி மட்டும் சூப்பர் க்ளூ வேண்டாம். அதன் ஆவி பட்டு கண்ணாடி வெள்ளையாகப் பூத்துவிடும். வயெஹோ பிளாஸ்டிக் புட்டி போன்ற தண்ணீர் வகைப் புட்டியை இடைவெளியில் பூசி, காய்வதற்குள் ஈர பட்ஸால் துடைத்தால் தேய்க்கும் வேலையே இல்லை. அதில் பேனல் கோடு மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

உருவமே கொடுக்க வேண்டிய இடத்துக்கு மிலிபுட் போன்ற, இரண்டு பாகங்களைக் கலக்கும் எபாக்ஸி புட்டி. சம அளவில் பிசைந்து வைத்து, இறுகுவதற்குள் தண்ணீர் தொட்டு வழிக்கலாம். சுவருக்குப் பூசும் புட்டி எதற்கும் உதவாது. பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் உதிர்ந்துவிடும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எபாக்ஸியை வெறும் கையால் பிசையாதீர்கள், நைட்ரைல் கையுறை போடுங்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் தோல் தடித்து அரிக்கும். தூசி மாஸ்க் தூசியைத்தான் தடுக்கும், கரைப்பான் ஆவியைத் தடுக்காது. அதற்கு ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும், ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். குழந்தைகள் படுக்கும் அறையில் இந்த வேலையே வேண்டாம். தண்ணீர் தாங்கும் எமரித்தாளை நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.

தேய்த்து முடிந்ததும் சாம்பல் பிரைமர் அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்கில் கண்ணுக்குத் தப்பிய கோடு அங்கே தெரியும். தெரிந்தால் பெயின்ட்டை ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் மட்டும் சர்ஃபேசரை மறுபடி தொட்டு வையுங்கள்.