ஆய்வுக்கு வந்தவர்கள் இரத்தம் கேட்டால் கொடுத்தே ஆக வேண்டுமா?

தேசிய குடும்பநல ஆய்வுக்கு வருபவர்கள் எத்தனை பிள்ளைகள், வீட்டில் என்ன அடுப்பு என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்ப்பார்கள். விரல் நுனியில் குத்தி இரத்தமும் கேட்பார்கள். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள சர்வதேச மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் 1992-93இல் தொடங்கிய ஆய்வு இது. ஹீமோகுளோபின் பரிசோதனை 1998-99 சுற்றில் சேர்ந்தது, எச்.ஐ.வி. 2005-06இல்.

கொடுத்தே ஆக வேண்டியதில்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு, இரத்தம் மட்டும் தர மாட்டேன் எனலாம். சர்க்கரை பாருங்கள், மற்றது வேண்டாம் என்றும் சொல்லலாம். அரசாங்க ஆளாச்சே, மறுத்தால் ரேஷனில் கை வைப்பார்களோ என்று பயப்பட வேண்டாம்; மறுத்ததற்காக எந்தச் சலுகையும் போகக் கூடாது என்பதுதான் விதி. சம்மதப் பகுதியை வந்தவர் வாசித்துக் காட்டி, சம்மதமா மறுப்பா என்று குறித்து, அவரே கையெழுத்துப் போடுவார். என்ன குறித்தார் என்று எட்டிப் பாருங்கள், தப்பில்லை.

சின்னக் குழந்தைக்குப் பெற்றோர் சம்மதம் போதும். 15 முதல் 17 வயதுள்ள, திருமணமாகாத பிள்ளை என்றால் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும், பிள்ளையும் சரி என்று சொல்ல வேண்டும். அம்மா தலையாட்டியதால் மகள் விரலை நீட்ட வேண்டும் என்றில்லை.

கருவியில் உடனே தெரியும் அளவுகளை, அதாவது சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்றவற்றை, அங்கேயே சொல்ல வேண்டும். ஆபத்தான அளவு என்றால் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லவும் வேண்டும்.

சிக்கல் எச்.ஐ.வி. பரிசோதனையில்தான். 2015-16 சுற்றிலும் அது இருந்தது. சில சொட்டுகளை வடிதாள் அட்டையில் காயவைத்து, பெயர் எழுதாமல் பார்கோடு மட்டும் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். யாருடையது என்று கண்டுபிடிக்க உதவும் விவரங்களை அழித்த பிறகே முடிவை மற்றத் தகவல்களோடு சேர்த்தார்கள். ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற பயத்துக்கு இதனால் இடமிருக்கவில்லை. ஆனால் நோய் இருந்தால் இரத்தம் கொடுத்தவருக்கும் தெரியவராது! 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் இப்படிப்பட்ட அநாமதேயக் கண்காணிப்பை அனுமதிக்கிறது. ஆனால் எதற்காக என்பதைச் சொல்லியாக வேண்டும். முடிவு திரும்பி வராது என்பதைக் குத்துவதற்கு முன்பே தெளிவாகச் சொல்லி, இலவசமாகப் பரிசோதிக்கும் நம்பிக்கை மையம் எங்கே இருக்கிறது என்றும் காட்டினால்தான் இது நியாயம் என்பேன். 2005-06 சுற்றில் நாகாலாந்து மக்கள் எதிர்த்ததால் அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை நடக்கவேயில்லை. ஒரு ஊரே சேர்ந்தும் மறுக்க முடியும்.

2019-21 சுற்றில் மலேரியா, வைட்டமின் டி, மூன்று மாதச் சர்க்கரை அளவு ஆகியவற்றுக்காகவும் கூடுதல் சொட்டுகள் கேட்டார்கள். எந்த இரத்தமானாலும், பரிசோதனை முடிந்து மிஞ்சியதை என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எடுத்து வைத்து வேறு ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவதானால் அதற்கும் உங்கள் சம்மதம் வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள். அடையாளத்தை அழித்த பிறகு உங்கள் அட்டையைத் தேடி எடுக்க வழியில்லை. சொல்ல வேண்டியதை விரலை நீட்டுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.